தூசியல்ல, தூதுவன்

ஓடும்போது விழுந்து முழங்காலில் அடிபட்டால் முதலில் இரத்தம் வடியும். சற்று நேரத்தில் உறைந்து நிற்கும். பிறகு அவ்விடம் சிவந்து வீங்கிச் சுடும். இதற்கு அழற்சி என்று பெயர். உடலின் காவற்படை அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இவ்விரண்டு வேலைகளிலும் பங்குகொள்ளும் ஒரு பொருளை ஆய்வாளர்கள் நெடுநாள் வெறும் தூசி என்றே எண்ணியிருந்தார்கள்.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்காஃப், வெஸ்ட் என்ற இருவர் தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை மையவிலக்குக் கருவியில் இட்டுச் சுழற்றினர். எவ்வளவு வேகமாக? புவியீர்ப்பைப் போல் 31,000 மடங்கு விசை உண்டாகும் அளவுக்கு! 50 கிலோ எடையுள்ள நீங்கள் அதனுள் உட்கார முடிந்தால் உங்கள் எடை 1,550 டன்னாகத் தோன்றும். (இயற்பியல் ஆசிரியனால் கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை.) மேலே தெளிந்து நின்ற பிளாஸ்மா உறைவதற்கு முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அடியில் படிந்த வண்டலைத் திரும்பச் சேர்த்ததும் நேரம் குறைந்தது! அப்படியானால் வண்டலில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். 1967-இல் பீட்டர் உல்ஃப் என்பவர் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தட்டணுக்களிலிருந்து வந்த துணுக்குகள் என்று கண்டார். 'தட்டணுத் தூசி' என்று பெயரும் வைத்தார்.

இன்று இவற்றை நுண்துகள்கள் என்கிறோம். குறுக்களவு ஏறத்தாழ 0.1 முதல் 1 மைக்ரான் வரை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

இவை எப்படிப் பிறக்கின்றன? செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குகள் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள ஒருவகைக் கொழுப்பை, அதாவது பாஸ்ஃபாடிடைல் செரினை, செல் தன் உள்ளடுக்கிலேயே வைத்திருக்கும். செல் தூண்டப்பட்டால் கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். அந்தக் கொழுப்பு வெளியடுக்குக்கு மாறும். சவ்வு கொப்புளம்போல் புடைத்து, அறுந்து தனியே மிதக்கும். அதன் எதிர்மின் பரப்பில் கால்சியம் அயனிகளைப் பாலமாகக் கொண்டு இரத்தம் உறைவதற்கான புரதங்கள் வந்து அமர்கின்றன. நீங்கள் வகுப்பில் படிக்கும் மின்கவர்ச்சிதான்!

அழற்சிக்கு வருவோம். முடக்குவாதத்தால் துன்புறுவோரின் வீங்கிய மூட்டுகளிலிருந்து எடுத்த நீரில் தட்டணுக்களின் நுண்துகள்கள் ஏராளமாக இருப்பதாக 2010-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. விந்தை என்னவென்றால், முழுத் தட்டணுக்களை அங்கே காண்பது அரிது. அந்தத் துகள்கள் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைச் சுமந்து சென்று மூட்டின் உட்சவ்வுச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தட்டணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மூட்டு நோயின் கடுமை குறைந்தது.

ஆகவே நுண்துகள்கள் எல்லாமே கெட்டவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் விடும் துகள்களில் அனெக்ஸின்-1 என்ற புரதம் இருக்கிறது. அது அழற்சியைத் தணிக்கும். தீயை மூட்டுவதும் அணைப்பதும், துகள் எந்தச் செல்லிலிருந்து எந்த நிலையில் புறப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இவற்றை எண்ணிப் பார்த்து நோயை அறியலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். அதைவிடச் சிறிய துகள் மிகக் குறைந்த ஒளியையே சிதறடிக்கும். எண்ணும் கருவி அதைத் தவறவிடும். ஒரே இரத்தத்தை இரு ஆய்வுக்கூடங்கள் சோதித்தால் எண்ணிக்கை இரண்டு விதமாக வரக்கூடும்.