19-ஆவது நாளே ஓட்டைத் தட்டின குஞ்சு

எபிசோட் ஆரம்பத்துல ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க, 'கீச்... கீச்'னு ரொம்ப மெல்லிசா. கோழிக்குஞ்சோட சத்தம்தான். ஆனா அப்போ குஞ்சு வெளிய வரல. லேசா விரிசல் விட்ட முட்டைக்குள்ள இருந்தது. மேடவாக்கத்துல எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல, இன்குபேட்டர் பக்கத்துல போனை வெச்சு ரெக்கார்ட் பண்ணினேன். முட்டை வெச்சு 19-ஆவது நாள் காலை அது. கோழி முட்டை பொரியறதுக்குக் கணக்கு 21 நாள்.

ரெண்டு நாள் முன்னாடியே வந்தா சந்தோஷம்தானேன்னு தோணும். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மார்ச்ல வெச்ச முதல் பேட்ச்லயும் ஒரு குஞ்சு இப்படி சீக்கிரமா ஆரம்பிச்சது. அதை நான் கொன்னுட்டேன்.

வேணும்னு இல்ல. முட்டையில சின்னதா ஒரு உடைசல், உள்ள அலகு நுனி தெரியுது. நாலு மணி நேரம் ஆச்சு, அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல. பாவம், மாட்டிக்கிச்சு போலன்னு ட்வீசரால ஓட்டுத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமா உரிச்சேன். வெள்ளைச் சவ்வு கிழிஞ்சு ரத்தம் வந்தது. ஒரு மணி நேரத்துல குஞ்சு செத்துப்போச்சு. நான் உதவி செஞ்சதுதான் காரணம்னு அப்புறமா படிச்சப்போதான் புரிஞ்சது. அந்த நாலு மணி நேரத்துல உள்ள என்ன நடந்துட்டு இருந்ததுன்னு முதல்ல சொல்றேன்.

முட்டைக்குள்ள இருக்கும்போது குஞ்சு நுரையீரலால மூச்சு விடறது இல்ல. ஓட்டோட உள்பக்கம் முழுக்க ரத்தக்குழாய்கள் பின்னின ஒரு சவ்வு ஒட்டியிருக்கு. ஓட்டுல இருக்கற ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியா வர ஆக்சிஜனை அந்தச் சவ்வுதான் வாங்கிக்குது. 2014-ல ஜப்பான்ல தஹாரா, ஒபாரான்னு ரெண்டு பேர், ஓடே இல்லாம பிளாஸ்டிக் ஃபிலிம்ல முட்டையை ஊத்தி குஞ்சு பொரிக்க வெச்சாங்க. அதுக்கு கால்சியம் தனியா சேர்க்க வேண்டியிருந்தது. 17-ஆவது நாளுக்கு மேல ஆக்சிஜனையும் வெளியிலிருந்து செலுத்தினாங்க. சாதாரண முட்டையில அந்த வேலையை எல்லாம் ஓடும் சவ்வும் சத்தமில்லாம பண்ணிட்டு இருக்கு.

கடைசி நாட்கள்ல வளர்ந்த குஞ்சுக்கு அந்தக் காத்து பத்தாது. முட்டையோட அகலமான பக்கத்துல ஒரு காற்றறை இருக்கும் இல்லையா, குஞ்சு முதல்ல அதுக்குள்ள அலகை நுழைச்சு நுரையீரலால மூச்சு விடப் பழகும். அதுக்கப்புறம்தான் அலகு மேல இருக்கற சின்ன 'முட்டைப் பல்'லால வெளி ஓட்டை உடைக்கும். நாம பார்க்கறது இந்த ரெண்டாவது உடைசலைத்தான். அங்க இருந்து முழுசா வெளிய வர 12 முதல் 24 மணி நேரம் ஆகறது சாதாரணம்.

அந்த நேரத்துல குஞ்சு சும்மா இல்ல. சவ்வுல ஓடற ரத்தம் உடம்புக்குள்ள திரும்பணும். மிச்சம் இருக்கற மஞ்சள் கருப் பை முழுசா தொப்புள் வழியா வயித்துக்குள்ள போகணும், தொப்புள் மூடணும். எங்க வேலை மொழியில சொன்னா, பழைய சர்வர்ல இருந்து புது சர்வருக்கு மாறிட்டு இருக்கு, டிராஃபிக் இன்னும் பழசுலதான் ஓடுது. அந்த நேரத்துல பழசோட பிளக்கைப் பிடுங்கினா என்ன ஆகுமோ, அதைத்தான் மார்ச்ல நான் பண்ணினேன்.

சரி, மே மாச பேட்சுக்கு வருவோம். ஏன் 19-ஆவது நாள்? முதல் சந்தேகம் என் கணக்கு மேல. முட்டை வெச்ச நாளை பூஜ்யமா எண்ணணும், ஒண்ணுன்னு எண்ணினா ஒரு நாள் தப்பும். (ஆமா, இங்கயும் ஆஃப்-பை-ஒன்.) கணக்கு சரியாத்தான் இருந்தது. அடுத்து, காய்ச்சல் பார்க்கற டிஜிட்டல் தெர்மாமீட்டரை பெட்டிக்குள்ள வெச்சேன். கன்ட்ரோலர் 37.5 டிகிரின்னு சொல்லுது, இது 38.4 காட்டுது. சூடு கூடினா கரு வேகமா வளரும், குஞ்சு முன்னாடியே வரும், தொப்புள் சரியா மூடாமலும் வரும். போதாக்குறைக்குக் கத்திரி வெயில்ல மாடி ரூம். கன்ட்ரோலரால பல்பை அணைக்கத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. பெட்டியைத் தூக்கிக் கீழ ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்தது ஈரப்பதம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம் இருக்கோம், புழுக்கத்துக்குக் குறைச்சலே இல்லைன்னு நினைச்சிருந்தேன். ஆனா அதே காத்து பெட்டிக்குள்ள சூடானதும் ஒப்பு ஈரப்பதம் குறைஞ்சிடும். கடைசி மூணு நாள் 65 முதல் 70 சதவீதம் வேணும். இல்லைன்னா சவ்வு காய்ஞ்சு குஞ்சு மேல பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கும், அதால திரும்பவே முடியாது. ஸ்பாஞ்சை வெந்நீர்ல நனைச்சு உள்ள வெச்சு மூடினேன். சும்மா சும்மா மூடியைத் திறந்து பார்த்தா அந்த ஈரம் எல்லாம் போயிடும். நான் மார்ச்ல எத்தனை தடவை திறந்தேன்னு கேட்காதீங்க.

மதியம் அம்மாச்சிக்கு போன் பண்ணினேன். ஊர்ல வருஷக்கணக்கா அடை வெச்சவங்க. "ஏன்டா, தாய்க்கோழி ஓட்டை உடைச்சுக் குஞ்சை வெளிய எடுத்து நீ பார்த்திருக்கியா? மூடி வெச்சுட்டு உன் வேலையைப் பாருடா"ன்னாங்க.

அப்போ எப்பவுமே தொடக்கூடாதா? தொடலாம், ஆனா அரிதா. உடைசல் விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் முன்னேற்றம் இல்ல, சவ்வு பழுப்பாகிக் காய்ஞ்சிருக்கு, இல்ல கூரான பக்கத்துல உடைச்சிருக்குன்னா மட்டும் யோசிக்கலாம். அப்பவும் மூச்சு விடற ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கினா போதும். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால சவ்வைத் தொட்டா அது கண்ணாடி மாதிரி ஆகும். சிவப்பா ரத்தக்குழாய் தெரிஞ்சா அத்தோட நிறுத்திட்டு மூடிடுங்க. அது இன்னும் தயாரா இல்ல.

காலை ஆறே முக்காலுக்கு விழுந்த உடைசல் ராத்திரி பத்து மணிக்கும் அப்படியேதான் இருந்தது. ட்வீசரை அம்மாகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன், நிஜமா. விடியக்காலை அஞ்சு மணிக்கு குஞ்சு உள்ள சுத்த ஆரம்பிச்சது. ஓட்டைச் சுத்தி டப்பா மூடியைத் திறக்கற மாதிரி வெட்டிக்கிட்டே வந்தது. முக்கால் மணி நேரத்துல வெளிய.

வந்ததும் பயம் முடியல. தொப்புள்ல பட்டாணி அளவுக்கு மஞ்சள் கரு வெளிய நின்னது. வெட்டவோ இழுக்கவோ கூடாது, கிழிஞ்சா கிருமி உள்ள போய் குஞ்சு செத்துடும். சின்னக் கிண்ணத்துல ஈரமான சுத்தமான டிஷ்யூ விரிச்சு, குஞ்சை அசையாம உட்கார வெச்சு, இன்குபேட்டருக்குள்ளயே விட்டேன். தொப்புளைச் சுத்தி பஞ்சால பொவிடோன் அயோடின் தடவினேன். ராத்திரிக்குள்ள கரு உள்ள போயிடுச்சு.

இரை? முதல் நாள் கொடுக்கவே இல்ல. உள்ள போன மஞ்சள் கரு ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும். ஒரு நாள் வயசுக் குஞ்சுகளைப் பெட்டியில போட்டு ஊர் ஊரா அனுப்ப முடியறதே அதனாலதான். அவசரமா வேண்டியது கதகதப்பு. முதல் வாரம் 35 டிகிரி அளவுல வெச்சு, வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கலாம். குஞ்சுங்களையே பாருங்க: பல்புக்கு அடியில நெருக்கிக்கிட்டா குளிருது, வாயைத் திறந்துக்கிட்டு தள்ளி நின்னா சூடு அதிகம். தரையில வழுக்கற பேப்பர் போடாதீங்க, கால் விரிஞ்சிடும்.

தடுப்பூசி, தீவனம் எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. நம்ம பக்கத்துக்கு காட்டுப்பாக்கத்துல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. பூந்தமல்லி பக்கம் இருக்கற காட்டுப்பாக்கம் இல்ல. தாம்பரம் தாண்டி, பொத்தேரி பக்கம். மேப்ல தப்பா போட்டு நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைச்சேன்.

பன்னெண்டு முட்டையில ஏழு பொரிஞ்சது. முதல்ல வந்தவருக்கு இப்போ மூணு வாரம். மத்த ஆறையும் விட உருவத்துல சின்னது, ஆனா இரைத் தட்டுக்கு முதல்ல ஓடி வர்றது அதுதான். இந்த எபிசோட் முழுக்கப் பின்னாடி கேட்கற இரைச்சல் அதுங்கதான். எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல.