முகத்துக்கு ஒளி வேண்டும், வெள்ளை வேண்டாம்

வில்பத்துக் காட்டின் மேற்கு வாசல் எலுவன்குளத்தில் இருக்கிறது. சிறுத்தையைத் தேடி, கை நீள லென்ஸ் பூட்டிய கமராக்களோடு அந்த வழியாகப் போகிற பொழுதுபோக்குப் படக்காரர்கள் பலர். சிறுத்தையின் படம் கிடைத்துவிட்டால் அதை எடிட் செய்யும்போது அவர்கள் காட்டும் பக்குவம் பாராட்டுக்குரியது. தோலின் மஞ்சள் பிசகக் கூடாது, புள்ளிகளின் கருமை வெளிறக் கூடாது, மயிர்க்கால் ஒன்றுகூடக் கரையக் கூடாது. அதே கைகள், களப்போரத்து வாடியில் வலை பொத்துகிற ஒரு மனிதரைப் படம் பிடித்துவிட்டு எடிட்டிங் திரையைத் திறந்தால் முதல் வேலையாகத் தோலை வெளுக்கின்றன, இரண்டாவது வேலையாகச் சுருக்கங்களை வழித்தெடுக்கின்றன. விலங்குக்குத் தருகிற நேர்மையை மனிதருக்கு ஏன் தருவதில்லை? முகப்படக் கலையில் முன்னேற விரும்பும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது என்பது என் உறுதியான எண்ணம். இது அறக்கேள்வி மட்டுமல்ல, தொழில்நுட்பக் கேள்வியும்கூட. முகத்தில் விழும் வெளிச்சம் வேறு, முகத்தின் நிறம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான முகப்படங்கள் கெட்டுப்போகின்றன.

குழப்பம் கமராவுக்குள்ளேயே தொடங்குகிறது. எதிரே இருப்பது உப்பா, கரியா என்று கமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. காட்சி முழுவதையும் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு, கிடைக்கும் என்ற கணக்கில்தான் அது இயங்குகிறது. புத்தளம் களப்பின் நீர்ப்பளபளப்பு, வெண்மணல், உச்சி வானம் ஆகியவற்றின் முன்னால் கறுத்த முகம் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். பிரேமில் பெரும்பகுதி வெளிச்சம் என்பதால் கமரா மொத்தத்தையும் இருட்டாக்கும். முகம் நிழலுருவாகிவிடும். வீட்டுக்கு வந்து அந்த இருட்டை இழுத்து உயர்த்தினால் தோலில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் எழும், நிறம் செத்துச் சாம்பல் பூக்கும். அதை மறைக்க மழமழப்பு, அந்த மழமழப்புக்குப் பொருந்த வெளுப்பு. வெளுப்பாக்கும் பழக்கத்தில் பாதி, படம் எடுக்கும்போது போதிய ஒளி கொடுக்காத பிழையின் பின்விளைவுதான். இதற்கு மருந்து எளியது. போனில் எடுப்பவர் திரையில் முகத்தைத் தொட்டு, பிரகாசத்தைத் தேவைக்கேற்ப விரலால் நகர்த்தலாம். கமராவில் எடுப்பவர் புள்ளி அளவீட்டை முகத்தில் வைக்கலாம். ஆனால் ஒரு கவனம்: கறுத்த முகத்தை மட்டும் அளந்தால் கமரா அதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், ஆகவே அரை முதல் ஒரு ஸ்டொப் (ஒளியை இரட்டிக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) குறைக்க வேண்டிவரும். அதைவிட நம்பகமான வழி உள்ளங்கை. உடலின் நிறம் எதுவாயினும் உள்ளங்கைகளின் பிரகாசம் மனிதருக்கு மனிதர் அவ்வளவாக மாறுவதில்லை. முகத்தில் விழும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டொப் கூட்டி வையுங்கள். எதிரே நிற்பவரின் நிறம் தன் இடத்தில் தானாக வந்து நிற்கும்.

அடுத்தது ஒளியின் திசை. எலுவன்குளம் வட அகலாங்கு எட்டுப் பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் நண்பகலில் பெரிதாகச் சரிவதில்லை. அந்த வேளையில் வெளியில் நிற்பவரின் கண்குழிகள் கறுப்புப் பள்ளங்களாகும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். எந்த மென்பொருளாலும் இதை உருப்படியாகத் திருத்த முடியாது. மாலைப் பொன்னொளியும் இங்கே நீண்ட நேரம் காத்திருக்காது. சூரியன் தொடுவானத்துக்கு மேல் பத்துப் பாகையில் இருந்து மறைவதற்கு இந்த அகலாங்கில் சுமார் 40 நிமிடம்தான், வட ஐரோப்பியர் எழுதிய பாடநூல்களில் வரும் நீண்ட மாலை நமக்கில்லை. நமக்கு இருப்பது வேறொன்று: கிடுகு வேய்ந்த வாடியின் வாசல், வீட்டு விறாந்தை. கூரை விளிம்பிலிருந்து ஓர் அடி இரண்டடி உள்ளே ஆளை நிறுத்தி முகத்தை வெளிப்புறமாகத் திருப்பினால், மேலிருந்து வரும் கடும் ஒளி அறுபட்டு, வெளியே கிடக்கும் வெண்மணல் அனுப்பும் ஒளி கீழிருந்தும் முன்னிருந்தும் கண்களுக்குள் போய்ச் சேரும். பணம் கொடுத்து வாங்கும் வெள்ளைப் பலகையின் வேலையை முற்றம் செய்துவிடும். முகத்தைச் சிறிது பக்கவாட்டில் திருப்பினால் இன்னும் நல்லது. வெளிர்தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் நிழல், கறுத்த தோலில் காட்டுவது மினுக்கம். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கின் முதுகிலும் ஓடும் அந்தப் பளபளப்பு பெரிய, மென்மையான ஒளிமூலத்திலிருந்து வந்தால் சிற்பம் செதுக்கியது போலிருக்கும், சிறிய பிளாஷிலிருந்து வந்தால் வெள்ளைத் திட்டாகிவிடும். வியர்வையை ஒரு துவாயால் ஒற்றலாம். பளபளப்பு முழுவதையும் துடைத்துவிடக் கூடாது. கலா ஓயா களப்பில் சேரும் கண்டல் காட்டோரம் எடுப்பவர்களுக்கு இன்னொரு சொல்: இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளி தோலில் பச்சை பூசும். வெள்ளைச் சமநிலையில் வெப்பத்தை மட்டும் கூட்டினால் அது போகாது. பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் சற்று நகர்த்த வேண்டும்.

கருவி எல்லாரையும் சமமாகத்தானே பார்க்கிறது, குறை நம் கையில்தான் என்று சிலர் சொல்லக்கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முகப்பட மேதை ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை இங்கிருந்த தமிழ், சிங்கள முகங்களையும் படம் பிடித்தார். அவர் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும், சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் நீலம் குறைவு. ஆகவே அந்தத் தகடுகளில் நம்மவர் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுப்பாகவே பதிந்தது. வண்ணப் படச்சுருள் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1950கள் தொடங்கி ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த கொடாக்கின் ‘ஷேர்லி’ அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். அவளுடைய கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே கணக்கு. சொக்கலேட், மரத் தளபாட உற்பத்தியாளர்கள் தங்கள் பொருள்களின் பழுப்பு வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் படச்சுருள் திருத்தத்தில் வேகம் பிறந்தது என்று ஆய்வாளர் லோர்னா ரோத் பதிவுசெய்திருக்கிறார். மனிதரின் பழுப்புக்கு இல்லாத மதிப்பு மேசையின் பழுப்புக்கு இருந்திருக்கிறது. ஹார்வர்ட் பேராசிரியர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது 2022இல். இவ்வளவு பிந்தி வந்த திருத்தத்தை நம் கையாலேயே வெளுத்து அழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

எடிட்டிங் என்றாலே மாற்றுவதுதானே, புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் மாற்றவில்லையா என்ற மறுப்பை மதிக்கிறேன். 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் மறைந்த வெண்ட், இருட்டறையில் ஒளித்தலைகீழாக்கமும் படஒட்டும் செய்து பார்த்தவர். புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி என்று அவர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் மீனவர்களையும் உழைப்பாளிகளையும் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். தேகத்தின் கருமை அங்கே ஆழ்ந்த சாம்பல்களின் அடுக்காக நிற்கிறது, அதன்மேல் ஒளி ஓடுகிறது. அவருடைய கைவேலை தோலின் செழுமையைக் கூட்டியது. அழகு வடிகட்டிகள் எல்லா முகத்தையும் ஒரே முகமாக்குகின்றன. மாற்றலாமா என்பதல்ல கேள்வி, மாற்றம் எதை மிச்சம் வைக்கிறது என்பதே.

‘கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ’ என்று படத்தில் இருப்பவரே கேட்கிறாரே என்பது இன்னும் கனமான மறுப்பு. கல்யாண ஸ்டூடியோக்காரருக்கு அது வயிற்றுப்பாடு, அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபெயர் அண்ட் லவ்லி’ களிம்பு 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. அத்தனை ஆண்டு விளம்பரம் மனங்களில் எழுதியதை ஒரு படக்காரர் ஒரே நாளில் அழிக்க முடியாது. ஆனால் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு வாடிக்கையாளர் இல்லை, எனவே அந்தக் கட்டாயமும் இல்லை. மேலும், வெள்ளையாக்கச் சொல்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது தங்கள் முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதையே. வாழ்நாளெல்லாம் அடையாள அட்டையிலும் குழுப்படத்திலும் இருண்டுபோன முகத்தையே பார்த்தவர்கள் அவர்கள். நன்றாக ஒளியூட்டிய, நிறம் மாறாத படத்தையும் வெளுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, தெரிவை அவரிடமே விடுங்கள். அவருடைய முகம், அவருக்கே உரிமை.

திரைக்கு முன்னால் உட்காரும்போது வரிசை முக்கியம். முடிந்தால் ரோ கோப்பாக எடுங்கள். முதலில் வெள்ளைச் சமநிலை, பிறகு மொத்த ஒளி, அதன் பின்னரே முகத்தின் நிழல். லைட்ரூமிலோ இலவசமான டார்க்டேபிளிலோ செம்மஞ்சள் நிறத்தின் பிரகாசத்தை மட்டும் உயர்த்தும் வசதி இருக்கும். தோல் வெளுப்பது பெரும்பாலும் அங்கேதான், அதைத் தொடாதிருக்கப் பழகுங்கள். கறுப்போ வெள்ளையோ, மனிதத் தோல்களின் அடிப்படைச் சாயல் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழுகிறது, வேறுபடுவது பெரும்பாலும் பிரகாசமும் செறிவும். திரைப்பட நிறத்திருத்துநர்கள் நாள்தோறும் தங்கள் அளவுமானியில் பார்க்கும் உண்மை இது. ஆகவே சாயல் பிசகினால் திருத்தலாம், பிரகாசத்தை அவரவர்க்கு உரியதாக விட்டுவிட வேண்டும். நாளை மறைந்துவிடும் பருவை நீக்கலாம். மச்சம், தழும்பு, வெயிலில் காய்ந்த கோடுகள் அவருடையவை.

இந்த வாரம் போனில் இருக்கும் அழகு வடிகட்டியை அணைத்துவிடுங்கள். வீட்டில் மிகக் கறுத்தவர் யாரோ அவரை விறாந்தை விளிம்பில் உட்காரவைத்து, அனுமதி கேட்டு, ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுங்கள். நெருங்கிப் போனால் மூக்கு பெருத்துத் தெரியும். எடுத்த படத்தை அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சிடும்போது இந்த நிறம் ஏன் மாறிப்போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.