கரிசல் பூமிக்கு ஏற்ற வண்டி எது?

கோவில்பட்டியில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தபோது, அங்கே ஒரு வழக்கு நடந்து கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறைந்த மூத்த மகன், தன் சேமிப்பையும் அத்தாவின் பணத்தையும் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்கிறான். எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துச் சிற்றூர்களுக்குத் துணி மூட்டையுடன் சென்று வியாபாரம் செய்யும் மச்சானின் பழைய மொபெட்டோ இனிப் பழுது பார்க்க இயலாத நிலையை எட்டிவிட்டது. வீட்டிற்கு வாங்க முடிந்தது ஒரே ஒரு வண்டி.

"மாமா, நீங்களாவது அத்தாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்" என்று மருமகன் ஒரு படத்தை நீட்டினான். ஓட்டுபவர் முன்னோக்கிக் குனிந்து அமரும் பந்தய வண்டி அது. பின்னிருக்கை ஒரு சாண் அகலத்தில் மேலே தூக்கி நின்றது.

படத்தைப் பார்த்த தங்கை, "அண்ணே, இதில் நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டாள்.

இரண்டாண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் வண்டியில் செல்லும்போது அவளது பர்தாவின் ஓரம் பின்சக்கரத்தில் சிக்கி, கீழே விழுந்து தோள் எலும்பு முறிந்தவள் அவள். அந்த வண்டியில் சக்கரத்தை மறைக்கும் தடுப்புக் கம்பியை அழகிற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆகவே அவள் கேள்வியை எவராலும் தள்ளிவிட முடியவில்லை. வண்டி வாங்க எண்ணும் நம் குடும்பங்கள் யாவும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. எனவே அன்று நாங்கள் பேசி முடிவு செய்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

மண்ணை அறிந்து வாங்குக

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் பசை போல ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப் பாதையில் நூறு அடி சென்றாலே சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே மண் அப்பி, சக்கரம் சுழல மறுக்கும். ஆதலால் முன்சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே போதிய இடைவெளி உள்ள வண்டியே இங்கு உகந்தது. குண்டும் குழியுமான பாதையில், சிறிய சக்கரத்தைவிட 18 அங்குலச் சக்கரம் பள்ளங்களை எளிதாகக் கடக்கும்.

அடுத்தது சீமைக்கருவேல முள். இவ்வட்டாரத்தில் பஞ்சர் ஒட்டாத வாரமே இராது எனலாம். டியூப் உள்ள டயரில் முள் தைத்தால் காற்று விரைந்து இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரில் முள் தைத்தபடியே இருக்கும்வரை காற்று மெல்லவே கசியும். பஞ்சர் கடைவரை வந்து சேரலாம். ஆள் நடமாட்டமற்ற பாதையில், அந்தி வேளையில், மூட்டையுடன் திரும்பும் வியாபாரிக்கு இந்த வேறுபாடு பெரிது.

நிறுத்துவதிலும் கவனம் தேவை. ஈரமான கரிசலில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவதோடு, அதன் அடியில் வைக்கத் தட்டையான பலகைத் துண்டு ஒன்றையும் வைத்துக் கொள்வது நன்று. சங்கிலியை முழுவதும் மூடும் உறை இருந்தால் புழுதியிலிருந்து சங்கிலி காக்கப்படும்.

உடலுக்கு இசைவது

வசதி என்பது மெத்தென்ற இருக்கை மட்டுமன்று. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். கால்தாங்கி முழங்காலுக்கு நேர்கீழே அமைய வேண்டும். குனிந்து ஓட்டும் வண்டியில் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் செல்பவருக்குச் சில மாதங்களிலேயே கழுத்தும் இடுப்பும் வலியெடுக்கும்.

இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் ஊன்ற வேண்டும். ஸ்பிளெண்டர் பிளஸின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 112 கிலோ. 125 சிசி ஷைன் வண்டிக்கு உயரம் 791 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ அதே அளவு. புல்லட் 350 வண்டியோ 195 கிலோ. நெடுஞ்சாலையில் நிதானமாகச் செல்லும் கனமான வண்டி அது. ஆயினும் சந்தைக் கூட்டத்தில் பின்னோக்கித் தள்ளுவதும், சேற்றில் சாய்ந்தால் தூக்கி நிறுத்துவதும் ஐம்பதைக் கடந்த மச்சானுக்கு எளிதல்ல.

நூறா, நூற்றிருபத்தைந்தா?

1980இல் ஓசூரில் உருவான டிவிஎஸ் 50 மொபெட்டும், 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 மோட்டார் சைக்கிளும் நம் நடுத்தரக் குடும்பங்களின் பயணத்தையே மாற்றியவை. 1994இல் வந்த ஸ்பிளெண்டர் அவ்வழியில் தொடர்ந்தது. 100 சிசி வண்டியின் திறன் ஏறத்தாழ 8 குதிரைத்திறன். ஊருக்குள் செல்லவும், ஒருவர் மட்டும் பயணம் செய்யவும் இது தாராளமாகப் போதும். ஆனால் கோவில்பட்டியை ஒட்டிச் செல்லும் மதுரை–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில், ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கையில், இருவர் அமர்ந்து மூட்டையும் ஏற்றினால் அது திணறும். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றல்லவா அது! 125 சிசி வண்டிக்கு ஏறத்தாழ 11 குதிரைத்திறன் உண்டு. லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கவும், மேடேறவும் கையிருப்பு மிஞ்சும்.

அதற்கும் மேலே போகும்போது எரிபொருள் கணக்கைப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 17 லிட்டர் போதும். 40 தரும் வண்டிக்கு 25 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 800 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் வேறுபாடு.

பின்னிருக்கையில் அமர்பவர்

ஓட்டுபவர் ஒருவர் பார்த்து வாங்கிவிட்டு, பின்னால் அமரும் மனைவியும் தாயும் ஆயுள் முழுவதும் அவதிப்படுவது பல இல்லங்களில் நடப்பது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால்தாங்கியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் அமைத்துத் தர வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. கடையில் இவை பொருத்தப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்ட பின்பே வண்டியை வெளியே எடுங்கள்; பின்னர் எவர் சொன்னாலும் கழற்றாதீர்கள். பர்தாவோ, சேலையோ, துப்பட்டாவோ, அதன் ஓரத்தைச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். சட்டப்படி ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவரே அமரலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்வதானால் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்கேற்ற கவசமும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் வேண்டும் என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி.

தவணைக் கணக்கு

350 சிசி வரையிலான வண்டிகளுக்கான ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. இருப்பினும் தவணையில் வாங்கினால் அந்த ஆதாயம் எங்கோ போய்விடும். 60,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று சொல்லி, மூன்றாண்டுக்கும் முழுத் தொகைக்கே வட்டி போட்டால் திருப்பிச் செலுத்துவது 81,600 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்து வருவதைக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 21 விழுக்காடு! வட்டியை அறவே தவிர்க்க விரும்பும் நம் குடும்பங்கள் ஆறு மாதம் பொறுத்துச் சேமிப்பதும், உறவினரிடம் வட்டியில்லாக் கைமாற்றுப் பெறுவதும் மார்க்கத்திற்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

முடிவு என்னவாயிற்று?

மறுநாள் நால்வருமாக விற்பனைக் கடைக்குச் சென்றோம். மச்சான் ஒவ்வொரு வண்டியையும் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். தங்கை ஒவ்வொன்றிலும் பின்னால் அமர்ந்து, கைப்பிடி எட்டுகிறதா, கால் ஊன்றுகிறதா என்று பார்த்தாள். மருமகன் தார்ச்சாலையில் மட்டுமன்றி, ஊரை ஒட்டிய மண்பாதையிலும் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டுப் பெற்றான். திரும்பி வந்தவன் முகத்தில் பழைய பிடிவாதம் இல்லை. நிமிர்ந்து அமரும், நீண்ட இருக்கை கொண்ட ஒரு 125 சிசி வண்டியைக் காட்டி, "மாமா, நிறத்தை மட்டுமாவது நான் தேர்ந்தெடுக்கலாமா?" என்றான்.

"எந்த நிறம் வேண்டுமானாலும் எடு, அந்தத் தடுப்புக் கம்பியைத் தொடாதே" என்றாள் என் தங்கை.

சிவப்பு நிற வண்டிக்கு முன்பணம் கட்டினோம். மீதித் தொகை சேர இன்னும் மூன்று மாதம் ஆகும். அதுவரை மச்சான் பேருந்தில்தான் மூட்டையுடன் செல்கிறார்.