யான் கரைக்கு அப்பால் நான்கு தீவுகள்

கெடாவில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இருபத்திரண்டு வயது வரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. சுங்கைப் பட்டாணிக்கு அருகிலிருந்த எங்கள் தோட்டத்துக் குளத்தில் ஒரு பையன் மூழ்கிப் போனதிலிருந்து, "தண்ணிப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்பதுதான் அம்மாவின் நீச்சல் பாடம். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே பாடம்தான் கிடைத்திருக்கும்.

2006-ஆம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, நண்பர்கள் எட்டுப் பேருடன் யானிலிருந்து படகேறினேன். அந்தப் பயணத்தில் கற்றதை இளையோருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கே இருக்கின்றன?

யான், குனோங் ஜெராயின் அடிவாரத்தில் உள்ள கடலோர மாவட்டம். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய், பழங்கால மாலுமிகளுக்கு நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக இருந்தது. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்தப் பகுதிதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. மலையின் தென்புறத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் உள்ளன.

கரைக்கு எதிரே புந்திங், பீடான், தெலோர், சொங்சொங் என நான்கு தீவுகள். மலாயில் புந்திங் என்றால் கருவுற்றவள், பீடான் மருத்துவச்சி, தெலோர் முட்டை. கரையிலிருந்து பார்த்தால் புந்திங் தீவு, கருவுற்ற பெண் மல்லாந்து படுத்திருப்பதைப் போலவே தெரியும். அதற்குப் பாலம் உண்டு. மற்ற மூன்றுக்கும் படகுதான். சொங்சொங்கில் வெண்மணலும் பவளப் பாறைகளும் உண்டு. முகாமிடவும் தூண்டில் போடவும் பலர் அங்கே செல்கிறார்கள். 1960-களில் பட்டர்வொர்த் தளத்துப் போர் விமானங்கள் குண்டு வீசிப் பழகிய இடமும் அதுவே. பழைய இரும்புத் துண்டு ஏதும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள்.

நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும்?

இந்தக் கரையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதி. அட்டமியை ஒட்டிக் குறைவு. வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியே இதற்கு வழிகாட்டும்.

இதை ஏன் அறிய வேண்டும்? நீர் இறங்கினால் யான் கரை சேறாகிவிடும், படகு நகராது. அதைவிட முக்கியமானது, நீர் திரும்பும்போது தீவுகளை ஒட்டிய இடுக்குகளில் அது ஆற்றைப் போல ஓடும் என்பது.

அன்று எங்களுக்கு நடந்தது இதுதான். படகோட்டிப் பெரியவரை "பாக்சிக்" என்று அழைத்தோம். மிதவைச் சட்டை போடாதவரைப் படகில் ஏற்ற மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நாங்கள் சிரித்தோம். தீவில் இறங்கியதும் பலர் சட்டையைக் கழற்றி மணலில் எறிந்தோம். ஒரு நண்பன் மட்டும் சோம்பலில் கழற்றாமல் நீரில் இறங்கினான். சற்று நேரத்தில் பாறைகளுக்கு அப்பால் அவன் தலை சிறியதாகத் தெரிந்தது. அவன் நீந்தவில்லை, நீர்தான் அவனை இழுத்துப் போனது. எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. பெயர் சொல்லிக் கத்த மட்டுமே முடிந்தது. பாக்சிக் படகை எடுத்துச் சென்று அவனைத் தூக்கி வந்தார். யாரையும் திட்டவில்லை, கழற்றிப் போட்ட சட்டைகளைப் பொறுக்கி எங்கள் கையில் கொடுத்தார். கழற்றாத அந்த ஒரு சட்டைதான் எங்களை ஒன்பது பேராகவே வீடு சேர்த்தது.

போகுமுன் கவனிக்க

டிசம்பர் முதல் மார்ச் வரை பொதுவாக நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்றின் சீற்றத்தைக் கிழக்குக் கரையே தாங்கிக் கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் பிற்பகலில் இடிமழை திடீரென வரும். காலையிலேயே சென்று மதியத்துக்குள் திரும்புங்கள்.

தீவில் கடை இல்லை. குடிநீரைக் கரையிலிருந்தே கொண்டு செல்லுங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 999.

ஆற்று வண்டலால் மலாக்கா நீரிணையின் நீர் கலங்கியே இருக்கும். பவளம் வளர வெளிச்சம் வேண்டும் என்பதால், இங்கே அது அரிது. வடக்கேயுள்ள பாயார் தீவு 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அந்த அருமை கருதியே. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கொண்டு போன நெகிழிப் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

கடல் கொந்தளித்தால் என்ன ஆகும் என்பதை இக்கரை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, யானுக்குத் தெற்கே கோத்தா கோலமூடாவைத் தாக்கியது. நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

அடுத்த ஆண்டே நீச்சல் பழகினேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சிறு பிள்ளைகள். முதல் வாரம் வெட்கமாக இருந்தது, இரண்டாம் வாரம் மறந்துவிட்டது. இப்போது அம்மாவின் பேத்திக்கும் நீச்சல் தெரியும். அம்மா கரையில் துண்டுடன் உட்கார்ந்து, "இன்னும் தூரம் போகாதே" என்கிறார். "போகாதே" என்று மட்டும் சொல்வதில்லை.

தம்பி தங்கைகளே, வளாகத்தில் நீச்சல் குளம் இருந்தால் முதலில் அதில் இறங்குங்கள். தீவுகள் எங்கும் போய்விடாது.