பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அசலா, நகலா?

மூக்கு நீளமாக இருந்தால் மட்டும் போதாது. சேஸிஸும் ஆர்.சி. புத்தகமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரம் சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. தார்ப்பாயை விலக்கியதும் பச்சை நிறத்தில் அது தெரிந்தது. நீண்ட மூக்கு. முன்சக்கரங்களின் மேல் சைக்கிள் மட்கார்டு போல வளைந்த தகடுகள். கதவு கிடையாது. இரண்டு பேர் உள்ளே இறங்கி உட்கார்ந்தால் கை தரையைத் தொடும். "1962 லோட்டஸ் செவன்" என்றார் விற்பவர். அவர் கேட்ட விலைக்கு நகரத்தின் வெளியே சின்னதாக ஒரு வீடு வாங்கிவிடலாம்.

வாங்க வந்தவர் என் நண்பர். ஓய்வுபெற்ற பொறியாளர். பிராவிடன்ட் ஃபண்ட் பணம் கையில் இருந்தது, இளமைக் கனவு மனதில் இருந்தது. துணைக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "சாரே, கிழவி நல்லாத்தான் இருக்கா. ஆனா பல்லு பூராவும் புதுசு."

அந்தப் புதுப் பல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற கார்களை விட இந்த வகை வண்டிகளில் கேள்வி சிக்கலானது. காரணம், அசல் செவனே பெரும்பாலும் துண்டு துண்டாக விற்கப்பட்ட வண்டி. பிரிட்டனில் காலின் சாப்மன் 1957ல் இதை அறிமுகப்படுத்தியபோது முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கினால் இல்லை. வாங்கியவர்கள் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். ஃபோர்டு எஞ்சின், பி.எம்.சி. எஞ்சின், கவன்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின் என்று வசதிக்கேற்ற எஞ்சின் உள்ளே போயிற்று. ஆகவே எஞ்சினை வைத்து மட்டும் இது செவனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

1973ல் பிரிட்டனில் பழைய வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பெட்டி விற்பனையின் லாபமும் போயிற்று. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது. அது உரிமை பெற்ற வாரிசு. உரிமை பெறாத உறவினர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள். எளிய குழாய்ச் சட்டம், தட்டையான தகடுகள் என்பதால் செவனை நகலெடுப்பது சுலபம். நம் நாட்டிலும் அலிபாக் அருகிலிருந்து சிங்காரா ரோட்ஸ்டர் வந்தது. செவனின் சாயல், ஃபைபர் உடல், அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சின். சிங்காரா என்ற சொந்தப் பெயரிலேயே அது விற்கப்பட்டது. அதில் மோசடி எதுவும் இல்லை.

நகல் எடுப்பதே குற்றம் என்று தமிழ் படித்தவன் சொல்ல முடியாது. நம் இலக்கியம் முழுவதும் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியதால் பிழைத்தது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்த எஸ். வையாபுரிப்பிள்ளை, ஒரு நூலின் காலத்தை ஊர்ப் பேச்சை வைத்து முடிவு செய்யாமல் சொல்லையும் சான்றையும் வைத்து முடிவு செய்ய முயன்றார். காருக்கும் அதே முறைதான். பிரதி செய்வது தப்பில்லை, பிரதியின் கடைசியில் பொய்யான ஆண்டை எழுதுவதுதான் தப்பு.

எனவே முதலில் பார்க்க வேண்டியது காரை அல்ல, காகிதத்தை. ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர் என்ன? உடல் வகை என்ன? எத்தனை இருக்கை? எந்த ஆண்டு? சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அக்காலத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இங்கே வந்திருந்தால் சுங்கக் காகிதமோ, தூதரகத்தார் விட்டுச்சென்ற கார்களை விற்ற அரசு வணிகக் கழகத்தின் விற்பனைக் கடிதமோ இருந்தாக வேண்டும். பழைய கேரளப் பதிவு என்றால் எண் கே.எல்.டி. போன்ற எழுத்துகளில் தொடங்கும். கே.எல். 01 என்பது 1989ல் வந்த புதிய முறை.

நம்பர் பிளேட்டை மட்டும் நம்பக் கூடாது. 1967ல் ஒளிபரப்பான 'த பிரிசனர்' என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் தொடரில் கதாநாயகன் ஓட்டியது கே.ஏ.ஆர். 120சி என்ற எண் கொண்ட செவன். கடைசி அத்தியாயம் எடுக்கும்போது அந்த வண்டி கைவிட்டுப் போயிருந்தது. இன்னொரு செவனில் அதே எண்ணை மாட்டிப் படமெடுத்தார்கள். பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது, சேஸிஸ் எண். தகட்டில் இருப்பது வேறு, சட்டத்தில் அடித்திருப்பது வேறு. தகட்டை ஆணியடித்து மாட்டிவிடலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வது போல எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால், அழித்து மீண்டும் அடித்த எழுத்துகள் கோணலாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வரிசை செவனின் எண் எஸ்.பி. என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். எம்.ஜி. கார்களில் இன்னும் சுவாரசியம். பல மாடல்களின் சேஸிஸ் எண் வரிசை 0251லிருந்து தொடங்குகிறது. ஆபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251!

மூன்றாவது, ஒரு காந்தம். பெயின்ட் கீறாமல் துணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். செவனின் பக்கவாட்டுத் தகடுகள் அலுமினியம், காந்தம் ஒட்டாது. அதற்காக, ஃபைபர் தட்டுப்பட்டாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1960ல் வந்த இரண்டாம் வரிசையில் மூக்கும் மட்கார்டும் ஃபைபர்தான். 1970ல் வந்த நான்காம் வரிசையில் உடலே ஃபைபர். எந்த ஆண்டு என்று சொல்லி விற்கிறார்களோ அந்த ஆண்டுக்கு அந்தப் பொருள் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

நான்காவது, பற்றவைப்பு. அசல் செவனின் குழாய்களை வெண்கலக் கம்பியால் பிரேஸிங் செய்திருப்பார்கள். மூட்டில் பெயின்ட்டைச் சுரண்டினால் பொன்னிறம் தெரியும். லேத் பட்டறை வெல்டிங்கில் அது வராது. அறுபது வருடம் கடல் காற்றில் கிடந்த இரும்பு பளபளவென்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஸ்பேனர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குலக் கணக்கு. எங்கு பார்த்தாலும் பத்து, பதிமூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் வண்டி பிற்காலத்தது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. எம்.ஜி. டி.சி.யின் 1,250 சி.சி. எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு, மரை மட்டும் மெட்ரிக். போலி செய்பவருக்கு இந்த விசித்திரம் தெரிந்திருப்பது அரிது. எம்.ஜி. டி.டி. நகல்களில் ஒரு வகையைக் கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். பானெட்டைத் திறந்தால் எஞ்சினே இருக்காது. அது பின்னால் இருக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில்.

கடைசியாக, வெளியூர் சாட்சி. செவனுக்கென்றே பதிவேடு வைத்திருக்கும் ஆர்வலர்கள் பிரிட்டனில் உண்டு. எண்ணை எழுதிக் கேட்டால் அந்த வண்டி எங்கே போயிற்று என்ற தகவல் கிடைக்கலாம். கரோல் ஷெல்பி 1962ல் தொடங்கிய கோப்ரா கார் அறுபதுகளில் சுமார் ஆயிரம்தான் தயாரானது. நகல்களோ அதைவிடப் பல மடங்கு. பதிவேடு இல்லாவிட்டால் அங்கே வியாபாரமே நடக்காது.

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று நினைக்க வேண்டாம். சட்டமும் இதில் தலையிடுகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றும்படி வண்டியில் மாறுதல் செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. மாறுதலுக்கு இடம் கொடுத்த ஹைகோர்ட் தீர்ப்பு ரத்தானது. 2021ல் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள். 2025 செப்டம்பரில் சுங்கத் துறையினர் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி முப்பதுக்கும் மேற்பட்ட சொகுசு வண்டிகளைப் பிடித்தார்கள். பூடானிலிருந்து வந்தவை, காகிதங்கள் போலி என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

காகிதமும் காரும் ஒத்துப்போனால் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013ல் காலமாகும்வரை போற்றிவந்த 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ். பெங்களூர்ப் பதிவு எண் சி.ஏ.என். 42. ஒரே கை, ஒரே எண், ஊரறிந்த சரித்திரம். அந்தக் காருக்கு யாரும் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

சாஸ்தமங்கலம் வண்டிக்கு வருவோம். மூட்டுகளில் பொன்னிறம் இல்லை. பக்கவாட்டில் அலுமினியம் இல்லை. சேஸிஸ் எண்ணில் எஸ்.பி. இல்லை. நண்பர் ஆர்.சி.யைக் கேட்டார். விற்பவர் கொஞ்சம் தயங்கி எடுத்துக் கொடுத்தார். தயாரிப்பு ஆண்டு: 1994. வகை: அம்பாசடர், சலூன். இருக்கை: ஐந்து. "இம்போர்ட் பேப்பர் தொலைந்துபோயிற்று. ஓட்டுவதற்காக இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டோம்" என்றார்.

நண்பருக்குக் கோபம் வரவில்லை. யாரோ ஒருவர் தன் கையால் இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாரே என்றுதான் ஆச்சரியம். நகல் விலைக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார். மெக்கானிக் தலையை ஆட்டினார். ஐந்து பேர் அமரும் சலூனின் புத்தகத்தோடு இரண்டு பேர் வண்டியைச் சாலையில் இறக்கினால் முதல் சோதனையிலேயே பிடிபடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்.

பிராவிடன்ட் ஃபண்ட் பணம் இப்போது டிரெஷரி டெபாசிட்டில் இருக்கிறது. அந்தப் பச்சை வண்டி இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருக்கிறது. ஆண்டு மட்டும், அடுத்து வந்து கேட்டவரிடம், 1964 ஆகியிருக்கிறதாம்.