சவுக்குக் கன்றுகளும் களைக்கொல்லி மருந்தும்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் விவசாய இலாகாவின் காரியாலயமும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் இருப்பதால், சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் அவ்விடம் வந்து போகின்றனர். அவர்களில் செம்மண் மேட்டிலும் கடற்கரை மணலிலும் சவுக்கு வைப்போர் உண்டு. களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், மருந்து தெளித்துக் களையைக் கொல்லலாமா என்பதே இவர்கள் முன் நிற்கும் கேள்வி.

களையை விட்டுவைப்பது நஷ்டமே. இளங்கன்றின் வேர் ஆழம் இறங்குமுன் அருகும் கோரையும் மேல்மண்ணின் ஈரத்தையும் சத்தையும் உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்ட கன்று, மழை ஓய்ந்ததும் வாடுவதற்கு இது முக்கிய காரணம்.

ஆனால், களை எது, கன்று எது என்று மருந்துக்குத் தெரியாது. 1974-ல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட், பச்சையான பாகத்தின் வழியே புகுந்து வேர்வரை சென்று வளர்ச்சியைத் தடுப்பது. சவுக்கில் இலைபோல் தோன்றும் ஊசிகள் உண்மையில் பச்சைக் கிளைகளே. இளந்தண்டின் பட்டையும் பச்சையே. ஆகையால் கன்றின் அடிமுதல் நுனிவரை மருந்து ஏற இடமுண்டு. சேதம் உடனே தெரியாது. சில நாட்கள் சென்றே நுனி மஞ்சளிக்கும். 2,4-டி என்னும் மருந்து புல்லைக் கொல்லாமல் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். சவுக்கு புல்லினமன்று, ஆதலால் அதன் சாரல் பட்டாலும் கன்றின் நுனி முறுக்கிக்கொள்ளும்.

ஆதலின் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை அனுசரிப்பது நலம்:

1. கன்றைச் சுற்றி ஒரு கெஜ அகலத்துக்குக் கையாலும் களைக்கொத்தாலும் மட்டுமே களை நீக்க வேண்டும். ஆழக் கொத்தலாகாது, காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் வேர் முடிச்சுகள் அறுபடும்.

2. பிடுங்கிய களையை, விதை கட்டுமுன், தண்டில் படாமல் மூடாக்காக இடலாம்.

3. மருந்து அவசியமானால், வரிசைகளின் நடுவே மட்டும், தெளிமுனைக்கு மூடியிட்டு, காற்று அடங்கிய வேளையில் தெளிக்க வேண்டும். கிளைபோசேட்டைப் பயிற்சிபெற்ற பூச்சி ஒழிப்பாளர் மூலமாகவே பிரயோகிக்க வேண்டுமென இந்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது.

4. களைமருந்துக்குத் தனித் தெளிப்பான் வேண்டும். சங்கத்தின் பொதுத் தெளிப்பானில் மிச்சம் தங்கினால், அடுத்த அங்கத்தினரின் பயிர் கெடும்.

சவுக்கின் வரும்படி சில வருஷங்கள் கழித்து, வெட்டும்போதுதான் கிட்டும். கடனுக்கு வட்டியோ முதல் மாதமே தொடங்கிவிடும். பட்டுப்போன கன்றுக்குப் பதிலாக மறு வருஷம் நட்டது, மூத்த மரங்களின் நிழலில் தேறுவதில்லை. ஆகவே, நடவுக்குக் கடன் வழங்கும் சங்கங்கள், முதல் வருஷத்துக் களைக்கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுதல் கடனுக்கே பாதுகாப்பாகும்.