வாகனத்தில் வெண்புள்ளிகளா? தேய்க்காதீர்கள், கரையுங்கள்!

பெருநாள் நெருங்கினால் வீடு வாசலைக் கழுவித் துடைப்பதோடு, வாசலில் நிற்கும் வேனையோ ஓட்டோவையோ மோட்டார் சைக்கிளையோ கழுவி எடுப்பதும் நம் வீடுகளின் வழக்கம். ஓட்டுபவர் யாராக இருந்தாலும், வாளியும் துணியுமாக நிற்பது பெரும்பாலும் நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். இன்று தாமே வாகனம் ஓட்டும் சகோதரிகளும் பலர். எல்லாம் கழுவி முடித்து, அரை மணித்தியாலம் சென்று வெளியே வந்து பார்த்தால், கறுப்பு அல்லது கருநீல நிற வாகனத்தின் மேல் யாரோ சுண்ணாம்பு தெளித்தது போல் வெண்புள்ளிகள்! மறுபடியும் கழுவுகிறீர்கள். ஈரமாக இருக்கும்வரை புள்ளி தெரிவதில்லை. காய்ந்ததும் மீண்டும் வந்துவிடுகின்றது.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து தேங்காய்த் தும்பையோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறத் துண்டையோ எடுக்கின்றனர். புள்ளி போய்விடும், அதனோடு பெயின்டின் பளபளப்பும் போய்விடும். புள்ளியை வினாகிரியால் நீக்கலாம். தேய்த்த கீறலை நீக்குவதற்கோ கராஜுக்குத்தான் போக வேண்டும்.

"ஒரு கீறல்தானே" என்று விட்டுவிடும் காலமல்ல இது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை எவ்வளவு ஏறியது என்பதை அனைவரும் அறிவோம். பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து வாகனமே. வாடகைக்கு ஓடும் வேனும் ஓட்டோவும் அந்த வீட்டின் அன்றாட உணவு. விற்கப் போகும் நாளில் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்டைத்தான்.

புள்ளி எங்கிருந்து வருகின்றது?

சகோதரிகளே, அந்த வெண்புள்ளி அழுக்கல்ல. அது கல்!

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டு வாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அது சுண்ணாம்புக்கல்லின் ஊடே செல்லும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்து வருகின்றது. இப்படிக் கல்சியமும் மக்னீசியமும் கலந்த நீரையே வன்னீர் என்கிறோம். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று நம் வடமேற்கு, வடக்குக் கரையோரத்தின் அடியில் சுண்ணாம்புக்கற் படை பரந்து கிடக்கின்றது. காங்கேசன்துறையிலும் புத்தளத்திலும் சீமெந்து ஆலைகள் அமைந்ததற்கு இந்தக் கல்லே காரணம். சீமெந்துக்குப் போன அதே கல்தான் உங்கள் கிணற்று நீரிலும் கரைந்து வாளிக்கு வருகின்றது. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர் வலயப் பகுதிகளிலும் வன்னீர்க் கிணறுகள் ஏராளம். களனி கங்கை நீரைக் குழாயில் பெறும் கொழும்பு வாசிகளுக்கு இத்தொல்லை குறைவு.

கணக்குப் பார்ப்போமா? குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரையான வன்மையை அனுமதிக்கின்றது. 180க்கு மேற்பட்டாலே அது மிகவும் வன்மையான நீர் எனப்படும். உங்கள் கிணற்று நீரில் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 லீற்றர் வாளி ஒன்றில் 6 கிராம் கல் இருக்கும். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சுண்ணாம்புத் தூள்! நீரோடு ஓடிவிடுவது போக, துளியாக நின்று காய்ந்துபோவதில் உள்ளது மட்டும் புள்ளியாகத் தங்கிவிடுகின்றது. உங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலமும் இதே பொருள்தான்.

உங்கள் வீட்டு நீர் வன்னீரா என்று அறிய இலகுவான வழி உண்டு. இரண்டு போத்தல்களில் ஒன்றில் கிணற்று நீரும் மற்றதில் மழைநீரும் சம அளவில் எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீர் நுரை தள்ளும். வன்னீரோ நுரைக்காமல், வெண்ணிற ஆடை போல ஒன்றை மிதக்க விடும்.

எந்த நிலையில் இருக்கின்றது?

மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டுமல்லவா? வாகனத்தை நிழலில் நிறுத்தி, கழுவித் துடைத்தபின் புள்ளியின் மேல் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்.

கடற்காற்றில் வரும் உப்புப் படலமாயின், வெறும் நீரில் கழுவியதுமே போயிருக்கும். கழுவிய பின்னும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது பெயின்டின் மேல் ஒட்டிய சுண்ணாம்பு. இதை வீட்டிலேயே நீக்கலாம். புள்ளியை நீக்கிய பின்னும், சொரசொரப்பு இன்றி ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் பெயின்டே அரிக்கப்பட்டிருக்கின்றது. பல நாள் வெயிலில் காயவிட்ட புள்ளிகள் இந்நிலையை அடைகின்றன. இதற்கு வினாகிரி பயன்படாது.

இக்கால வாகனங்களில் நிறப் பூச்சுக்கு மேல் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு ஒன்று உண்டு. அதன் தடிப்பு சுமார் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கே. வெயிலையும் மழையையும் தாங்கி நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய படைதான். தும்பால் தேய்க்கும்போது கழன்று போவதும் இதுவே. ஒருமுறை போனது திரும்ப வளராது. பழைய வாகனங்கள் சிலவற்றில் இப்பூச்சே இல்லை. துடைக்கும் துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால், உங்களுடையது அவ்வகை என்று அறிந்து இன்னும் மென்மையாகக் கையாளுங்கள்.

வினாகிரியால் நீக்கும் முறை

சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். அதுதான் இதன் முழு இரகசியம். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினாகிரி போதும். எலுமிச்சம் பழமும் அமிலமே. ஆனால் அதன் சக்கையும் இனிப்பும் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தொட்டு எலுமிச்சைப் பாதியால் தேய்ப்பது செம்புக் குடத்துக்கு நல்லது. வாகனத்துக்கு வேண்டாம்.

முதலில் வாகனம் குளிர்ந்திருக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன்னரோ அஸருக்குப் பின் நிழல் விழுந்ததுமோ வேலையைத் தொடங்குங்கள். தூசியையும் மணலையும் நிறைய நீர் ஊற்றிக் கழுவி அகற்றுங்கள். மணல் இருக்கும்போது துணி பட்டால் அந்தத் துணியே அரத்தாள் ஆகிவிடும். பின்னர் வாகனம் கழுவும் ஷாம்பூவால் நுரைத்துக் கழுவுங்கள். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரக் கட்டி வன்னீரோடு சேர்ந்து இன்னொரு படலத்தை உண்டாக்கும்.

ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துக் கலக்குங்கள். இதற்கு மழைநீர் இருந்தால் நல்லது. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பின்பு மென்மையான பருத்தித் துணியையோ மைக்ரோபைபர் துணியையோ கலவையில் நனைத்து, புள்ளிகளின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் படிய வைத்திருங்கள். அமிலம் தன் வேலையைச் செய்யட்டும், உங்கள் கைப்பலம் தேவையில்லை. பின் மெதுவாகத் துடைத்து, உடனே நல்ல நீரால் அலசுங்கள். போகாத புள்ளிக்கு இரண்டாம், மூன்றாம் முறையும் இப்படியே செய்யலாம். ஒரு கதவளவு முடித்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். கலவையைக் காய விடவே கூடாது. எல்லாம் முடிந்ததும் மீண்டும் ஷாம்பூவால் கழுவி, உலர்ந்த துவாயால் ஒற்றி எடுங்கள்.

கழுவும்போது பழைய மெழுகுப் பூச்சும் ஓரளவு போயிருக்கும். எனவே வாகனங்களுக்கான வெக்ஸ் கொஞ்சம் பூசி விடுங்கள். அதன்பின் நீர் தங்காமல் உருண்டோடும். புதிய புள்ளிகள் ஒட்டுவதும் குறையும்.

கண்ணாடிகளில் உள்ள புள்ளிகளுக்கும் இதே கலவை உதவும். ஆனால் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும் இடங்களிலும் அலுமினியப் பாகங்களிலும் படவிடாதீர்கள். பட்டால் உடனே கழுவுங்கள். போர்ட்டிக்கோவில் மாபிள் பதித்திருந்தால் அங்கே இவ்வேலையைச் செய்யாதீர்கள். மாபிளும் சுண்ணாம்பு இனக் கல்லே. வினாகிரி அதையும் அரித்துவிடும்.

வளையம் மட்டும் எஞ்சியிருந்தால் பொலிஷ் செய்ய வேண்டிவரும். பொலிஷ் என்பது அந்தத் தெளிந்த பூச்சையே சிறிது சீவிச் சமப்படுத்துவதாகும். ஆகவே அதை அடிக்கடி செய்யக் கூடாது. நன்கு அறிந்த ஒருவரிடம் கொடுத்து, ஒருமுறை செய்விப்பதே புத்தி.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

மலசலகூடம் கழுவும் அமிலத்தை வாகனத்தில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு கரைவது உண்மைதான். ஆனால் அதில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலம் பெயின்டையும் இரும்பையும் உங்கள் கையையும் விட்டுவைக்காது. அதைவிட முக்கியமானது ஒன்று: வினாகிரியையோ வேறெந்த அமிலத்தையோ வெளுக்கும் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வாளி வாளியாக வேலை நடக்கும் பெருநாள் காலத்தில் சிறு பிள்ளைகளும் உதவிக்கு வருவார்கள். எந்த வாளியில் எது இருக்கின்றது என்பதில் உம்மாவின் கண் இருக்க வேண்டும்.

வராமல் தடுப்பது

புள்ளி விழுவது நீர் படுவதால் அன்று, நீர் காய்வதால். இதை நினைவில் வைத்தால் பாதிச் செலவு மிச்சம். நண்பகல் வெயிலில் வாகனம் கழுவுவதை நிறுத்துங்கள். கழுவியதும் துவாயால் ஒற்றி எடுக்கும் வேலையை மூத்த பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பூக்கன்றுகளுக்கு நீர் பாய்ச்சும் குழாயின் தூவல் படும் இடத்தில் வாகனத்தை நிறுத்த வேண்டாம்.

கடைசி அலசலுக்கு மட்டும் மென்னீர் கிடைத்தால் போதும். கூரை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். முதல் மழை கூரைத் தூசியோடு வரும். அதை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். குளிரூட்டி பொருத்திய வீடுகளில் அதன் குழாயில் சொட்டும் நீர் வீணே வடிகின்றது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து விழும் நீர். அதில் சுண்ணாம்பு இல்லை. துணியால் வடித்து அரை வாளி சேர்த்தால் ஒரு காருக்குப் போதுமானது.

குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்காகக் கழுவுவதால் வாகனம் கூடுதலாகச் சுத்தமாவதில்லை. ஒரு வாளியில் ஷாம்பூ நீர், இன்னொன்றில் துணி அலசும் நீர், கடைசியில் அரை வாளி மழைநீர் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வீண்விரயமும் இராது, புள்ளியும் இராது. நாளைக் காலை வாகனம் கழுவும் முறை உங்கள் வீட்டில் யாருடையது? அவரின் கையில் உள்ள தும்பை வாங்கி வைத்துவிட்டு, ஒரு துவாயைக் கொடுத்து அனுப்புங்கள்.